தங்கைக்காக ஒரு மருத்துவமனை

குட்டீஸ்! உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ உடல்நலமின்றிப் படுத்திருந்தால் என்ன செய்வீர்கள்? அருகில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வீர்கள், இல்லையா? அப்படித் தன் தங்கையின் அருகில் இருந்த ஓர் அக்காவின் கதை இது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள். பெண்கள் பள்ளிக்குப் போவதே அரிதாக இருந்த காலம் அது. ஆண்கள் படித்த கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று பலர் எதிர்த்தனர். புதுக்கோட்டை மன்னர் அனுமதி கொடுத்தார். பிறகு, 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் டாக்டரானார்.

அவருடைய தங்கை சுந்தராம்பாளுக்கு நோய் வந்தது. முதலில் சீதபேதி என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள். நோய் முற்றிய பிறகுதான் அது புற்றுநோய் என்று தெரிந்தது. அக்கா டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. வலியில் தவித்த சுந்தராம்பாள் 1923இல் இறந்துபோனார்.

அந்தத் துயரம் முத்துலட்சுமியின் மனதை விட்டு அகலவில்லை. புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை கட்ட வேண்டும் என்று உறுதி எடுத்தார்.

நடுவில் வேறு பணிகளும் இருந்தன. 1927இல் சென்னை மாகாண சட்டசபையின் துணைத்தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். ஆதரவற்ற பெண் குழந்தைகளுக்காக 'அவ்வை இல்லம்' தொடங்கினார். ஆனாலும் தங்கையை மறக்கவில்லை.

புற்றுநோய் வந்தால் பிழைக்க மாட்டார்கள், அதற்கு எதற்குத் தனி மருத்துவமனை என்று நினைத்தவர்கள் அன்று ஏராளம். முத்துலட்சுமி மனம் தளரவில்லை. நன்கொடை திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வெறும் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஓடிவிட்டன. அப்போது முத்துலட்சுமிக்கு வயது 67! மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தனர்.

1956இல் பத்மபூஷண் விருது பெற்ற முத்துலட்சுமி, 1968 ஜூலை 22 அன்று காலமானார்.

புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் இன்று பலரைக் குணப்படுத்த முடிகிறது. குணமாகாத நிலையில் இருப்பவர்களையும் டாக்டர்கள் கைவிடுவதில்லை. வலியைக் குறைத்து, ஆறுதல் சொல்லி, அமைதியாக வாழ உதவுகிறார்கள். இதற்கு 'நோய்த்தணிப்புச் சிகிச்சை' என்று பெயர். 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நோயாளியின் வீட்டுக்கே சென்று இந்தச் சிகிச்சை அளிக்கிறார்கள். முதியோர் நலத்தையும் நோய்த்தணிப்பையும் ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெறுபவர்களும் உண்டு. உங்களில் யாராவது நாளை அதைப் படிக்கலாமே!

அதுவரை காத்திருக்க வேண்டாம் குட்டீஸ். இன்று மாலை பள்ளி விட்டு வந்ததும் உங்கள் பாட்டியின் அருகில் பத்து நிமிடம் உட்காருங்கள். எங்காவது வலிக்கிறதா என்று கேளுங்கள். வலிக்கிறது என்று சொன்னால் அம்மா, அப்பாவிடம் உடனே சொல்லுங்கள்.

- ஓய்வு பெற்ற ஆசிரியர், தொப்பூர்