பேர் இல்லாத குற்றத்துக்குப் பேர் வைத்தவர்

ஜெனோசைடுங்கற வார்த்தையை நியூஸ்ல எத்தனையோ தடவை கேட்டிருப்பீங்க. பழைய வார்த்தைன்னு நினைச்சா தப்பு. 1944-ல் வந்த ஒரு புத்தகத்தில்தான் அது பிறந்தது. இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும், கொல்வதைக் குறிக்கும் லத்தீன் சொல்லையும் ஒட்டவைத்தவர் ரஃபேல் லெம்கின், போலந்து நாட்டு யூத வக்கீல்.

1900-ல் பிறந்தவர். நம்ம வயசுல சட்டம் படிச்சிட்டிருந்தப்போ ஒரு கேஸ் அவர் மனசில் தைத்தது. ஆர்மீனியர்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டதற்குக் காரணமான துருக்கி அமைச்சர் தலாத் பாஷா, போருக்குப் பிறகு பெர்லினில் ஹாயாக நடமாடிக்கொண்டிருந்தார். 1921-ல் ஆர்மீனிய இளைஞன் ஒருவன் அவரைச் சுட்டான். சுட்டவன்மேல் கேஸ். தலாத்தை மட்டும் ஏன் யாரும் பிடிக்கலைன்னு லெம்கின் தன் பேராசிரியரிடம் கேட்டார். தன் கோழியைத் தானே அறுக்கும் விவசாயியை யார் கேட்பது, அரசாங்கமும் அப்படித்தான் என்பது பதில். அன்றைய சட்டப்படி அது சரியான பதில்தான், அதுதான் கொடுமை!

1939-ல் ஹிட்லர் படை வந்ததும் தப்பி ஓடினார். ஸ்வீடனில் இருந்தபோது ஒரு விநோத வேலை செய்தார். ஜெர்மனி பிடித்த நாடுகளில் போட்ட அரசாணைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். எந்த இனத்துக்கு எவ்வளவு ரேஷன், யார் சொத்து பறிமுதல் என்று எல்லாமே அதில் இருந்தது. நமக்குக் கொட்டாவி வரவைக்கும் காகிதங்கள், அவருக்கு அதுதான் சாட்சி. ரஷ்யா, ஜப்பான் வழியாக 1941-ல் அமெரிக்கா போய், அதை வைத்துத்தான் அந்தப் புத்தகத்தை எழுதினார்.

போர் முடிந்தபோது தெரிந்தது, அப்பா அம்மா உட்பட சொந்தத்தில் 49 பேர் இல்லை. நியூரம்பெர்க் தீர்ப்பிலும் அவர் வார்த்தை இடம்பெறவில்லை. அவர் படித்த லுவிவ் பல்கலைக்கழகத்திலேயே படித்த லாட்டர்பாக்ட் என்ற சட்ட அறிஞருக்கும் அந்தக் கருத்தில் உடன்பாடில்லை. இனத்தை அல்ல, தனிமனிதனைத்தான் சட்டம் காக்கணும் என்பது அவர் வாதம். இந்தச் சண்டை வக்கீல்களிடையே இன்னும் ஓயலை.

லெம்கின் எந்த நாட்டின் பிரதிநிதியும் இல்லை. ஆனாலும் ஐநா வராந்தாவில் கண்ணில் பட்ட தூதர்களையெல்லாம் துரத்தினார். 1946-ல் கியூபா, பனாமாவோடு சேர்ந்து அவருடைய தீர்மானத்தை முன்வைத்த மூன்றாவது நாடு எது தெரியுமா? இந்தியா. 1948 டிசம்பர் 9-ல் ஒப்பந்தம் நிறைவேறியது, மனித உரிமைப் பிரகடனத்துக்கு ஒரு நாள் முன்னாடி.

அதை இந்தியா உறுதிசெய்தது 1959 ஆகஸ்ட் 27. மறுநாள் நியூயார்க்கில் லெம்கின் மாரடைப்பில் இறந்தார். கையில் காசில்லை, அடக்கத்துக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தக் குற்றத்துக்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் முதல்முறையாக ஒருவரைத் தண்டித்தது 1998-ல். அவர் ருவாண்டாவின் ஒரு சிற்றூர் மேயர்.