கண் தெரியாதவர் கவனித்தது

நண்பன் பைக் ஓட்ட, நீங்க பின்னாடி உட்கார்ந்திருக்கீங்க. ஹெல்மெட்டுக்குள்ள போனைச் செருகிப் பேசிட்டே வர்றான். அவன் பேசுறப்ப வண்டி மெதுவாகுது, எதிர்ப்பக்கம் பேசுறதைக் கேட்கிறப்ப வேகமாகுது. கவனிச்சிருக்கீங்களா? செல்போனே இல்லாத காலத்தில் இதைக் கவனிச்சவர் ரால்ஃப் டீட்டர். அவருக்குக் கண் தெரியாது.

1890-ல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். 5 வயசுல ஒரு கண்ணில் கத்தி பட்டது. கொஞ்ச காலத்தில் இரண்டு கண்ணுமே போய்விட்டது. ஆனாலும் 1912-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் முடித்தார். முதல் உலகப் போரின்போது போர்க்கப்பல் டர்பைன் ரோட்டர்களை பேலன்ஸ் செய்ய வழி கண்டுபிடித்தார், தொடுவுணர்வை நம்பியே! (லேப்ல ரீடிங்கைக் கண்ணால பார்த்தே தப்பா எழுதுற ஆள் நான்.) 1936-ல் அமெரிக்க ஆட்டோமோட்டிவ் இன்ஜினியர்கள் சங்கத்துக்கே தலைவரானார்.

அவருடைய வக்கீல் காரில் கூட்டிப்போகும்போது பேசிக்கொண்டே ஓட்டுவாராம். பேசினால் கார் மெதுவாகும், கேட்டால் வேகமெடுக்கும். அந்தக் குலுக்கல் தாங்காமல்தான் டீட்டர் வேகத்தை ஒரே நிலையில் பிடிக்கும் கருவியை யோசித்தார். 1950-ல் பேட்டன்ட் கிடைத்தது. 1958 மாடல் கிரைஸ்லர் கார்களில் வந்தது. இன்னைக்கு நாம க்ரூஸ் கன்ட்ரோல்னு சொல்றது அதைத்தான். 1982-ல் காலமானார்.

எனக்கு ஒண்ணு உறுத்துது. கருவி வேகத்தைத்தான் சரி பண்ணுச்சு, வக்கீலோட கவனத்தை இல்ல. குலுங்கினாலாவது பக்கத்துல இருக்கிறவருக்குத் தெரிஞ்சிருக்கும்.

போன வாரம் பைக்ல எனக்கும் தெரிஞ்சுது. நண்பன் தப்பா நினைப்பானோன்னு வாயைத் திறக்கல.