தனிநாயகம் அடிகளார்: மலாயா மண்ணுக்கு வந்த தமிழ்ப் பேராசிரியர்

நம் சங்கத்தின் பொன்விழா மலரில் ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரின் வாழ்க்கை வரலாறு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். சேவியர் தனிநாயகம் அடிகளார் 1961 முதல் 1969 வரை கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைக்குத் தலைவராக இருந்தார். இந்த நாட்டில் தமிழ் பல்கலைக்கழகம் வரை சென்று அங்கே மதிப்போடு நிலைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பலன் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேறுபாடு இல்லாமல் இங்குள்ள தமிழர் எல்லோருக்கும் கிடைத்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அடிகளார் தமிழை முறையாகப் படிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் தமிழ் பேசினாலும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் நம் குடும்பங்களில் பெருகிவருகிறார்கள். இந்தக் காலத்தில் அவர் கதை நமக்கு மிகவும் தேவை என்று நினைக்கிறோம். பொலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் ஒரு பேராசிரியரை எடைபோட வரவில்லை. வியாபாரியின் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறோம்.

பிறப்பும் ரோம் படிப்பும்

அடிகளார் 1913 ஆகஸ்ட் 2 அன்று யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பகுதியில் கரம்பொன் என்ற ஊரில் பிறந்தார். ஊரிலும் யாழ்ப்பாணத்திலும் பள்ளிப் படிப்பு. பிறகு கொழும்பில் குருமடம். அங்கிருந்து 1934இல், 21 வயதில், ரோம் நகருக்குச் சென்று 1939 வரை சமயக் கல்வி பெற்றார். இலத்தீன், இத்தாலியம் உட்பட ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் தேர்ச்சி அடைந்து, டாக்டர் பட்டமும் பெற்றார்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பெரிய பள்ளிகளில் ஆங்கிலமே கல்வி மொழி. தமிழ் வீட்டு மொழியாக மட்டும் இருந்தது. நம் பிள்ளைகளின் இன்றைய நிலையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பள்ளியில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம், அத்தாவிடமும் அம்மாவிடமும் பாதித் தமிழ். உலகத்து மொழிகளையெல்லாம் கற்றுவிட்டுத் தாய்மொழியின் நூல்களை அறியாமல் ஊர் திரும்பிய இளைஞராகத்தான் அடிகளார் இருந்தார்.

வடக்கன்குளத்தில் தொடங்கிய படிப்பு

ரோமிலிருந்து வந்தவர் தமிழ்நாட்டில் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்தார். 1940 முதல் 1945 வரை திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் பணி. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகள் நம் சங்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த மண் அறிமுகமானதுதான்.

அங்கே அடிகளாருக்கு 27 வயது. பாடம் நடத்தும் பள்ளியிலேயே அவரும் மாணவர் ஆனார். ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் இலக்கணத்தையும் இலக்கியத்தையும் அடியிலிருந்து படித்தார். ரோமில் டாக்டர் பட்டம் வாங்கியவர் கிராமத்துப் பண்டிதர் முன் பாடம் கேட்க உட்கார்ந்தார். அவரிடம் நாங்கள் முதலில் மெச்சுவது இந்தப் பணிவைத்தான்.

படிக்கப் படிக்க ஆவல் கூடியது. 1945இல், 32 வயதில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராகச் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள் அங்கே இருந்தார். சங்க இலக்கியத்தில் இயற்கை எப்படிப் பாடப்படுகிறது என்பதை ஆராய்ந்து பட்டம் பெற்றார். அந்த ஆய்வு பின்னர் ஆங்கிலத்தில் நூலாக வந்து, தமிழ் அறியாத நாட்டவருக்கும் சங்கப் பாடல்களை அறிமுகம் செய்தது. சேவியர் என்ற பெயரோடு தனிநாயகம் என்ற முன்னோர் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

உலகம் சுற்றிய தமிழ்த் தூதர்

1949க்குப் பிறகு ஜப்பான், அமெரிக்கா எனப் பல நாடுகளுக்குப் போய்த் தமிழ் இலக்கியத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். இந்தியா என்றால் வெளிநாட்டு அறிஞர்களுக்கு அப்போது சமஸ்கிருதம்தான் நினைவுக்கு வரும். தமிழில் இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் இருப்பதை அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அதற்காக 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார்.

ஐரோப்பிய, அமெரிக்க நூலகங்களில் கிடந்த பழைய தமிழ் அச்சு நூல்களையும் தேடிப் பார்த்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' போன்ற நூல்களின் அருமையை ஆய்வுலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர்.

1952 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறை விரிவுரையாளர். இடையில் லண்டன் பல்கலைக்கழகத்தில் இன்னொரு டாக்டர் பட்டம். 1956இல் இலங்கையில் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது தமிழின் உரிமைக்காகப் பேசினார், எழுதினார். சொந்த நாட்டிலேயே தம் மொழி இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்படுவதைக் கண்ட பிறகுதான் 1961இல் நம் நாட்டுக்கு வந்தார்.

ஆளுக்கு ஒரு வெள்ளி

அவர் வந்து அமர்ந்த நாற்காலிக்கு ஒரு முன்கதை உண்டு. அதை நம் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அங்கே இந்திய இயல் துறை அமைப்பது பற்றிப் பேச்சு வந்தபோது, எந்த மொழிக்கு முதலிடம் என்ற கேள்வி எழுந்தது. சமஸ்கிருதத்துக்கு என்று ஒரு பரிந்துரை வந்தது. இந்த மண்ணில் காடு வெட்டி, ரப்பர் நட்டு, பால் மரம் சீவியவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் மொழியை விட்டுவிட்டு இந்திய இயலா என்று கொதித்தவர்களுக்குத் தலைமை தாங்கினார் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி. 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. தோட்டத் தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தார்கள். லயத்தில் குடியிருந்தவருக்கு அன்று ஒரு வெள்ளி சின்னத் தொகை இல்லை. 1956இல் துறை தொடங்கியது, தமிழும் இடம்பெற்றது. பின்னர் துறை கோலாலம்பூருக்கு மாறியது.

இப்படிப் பாட்டாளிகளின் காசில் வாங்கிய நூல்கள் நிறைந்த துறைக்குத்தான் அடிகளார் தலைவராக வந்தார். அப்போது அவருக்கு 48 வயது. நாடும் புதிது. மாணவர்களோ பெரும்பாலும் தோட்டத்திலும் சிறு பட்டணத்திலும் வளர்ந்தவர்கள். முன்பு பணியாற்றிய இடங்களில் கிடைத்த பேரும் புகழும் புது ஊரில் தாமாக வந்துவிடாது. வியாபாரிகளான நமக்கு அது தெரியும். நம் பாட்டனார்மார் ஒரு பெட்டியோடு பினாங்கில் இறங்கி, ரயிலேறிச் சுங்கைப் பட்டாணிக்கு வந்து கடை போட்டபோது முதலில் செய்தது என்ன? ஊரைப் பார்த்தார்கள், வாடிக்கையாளர் யார் என்று பார்த்தார்கள், கடையில் என்ன சரக்கு குறைகிறது என்று பார்த்தார்கள். அடிகளாரும் ஏறக்குறைய அதையேதான் செய்தார்.

துறையில் என்ன குறை? தமிழைப் பற்றி உலகில் யார் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க ஒரு கைநூல் இல்லை. தாமே தொகுத்தார். தமிழியல் நூல்களின் வழிகாட்டிப் பட்டியல் 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான புரொயென்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியின் பிரதி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதை அப்படியே படியெடுத்து அதே 1966இல் கோலாலம்பூரிலிருந்து வெளியிட்டார். ரோமில் கற்ற மொழிகள் இங்கே தமிழுக்குப் பயன்பட்டன.

அவருடைய காலத்தில் அந்தத் துறையில் நல்ல ஆய்வாளர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான இராம. சுப்பையா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்களையும் இதழ்களையும் பட்டியலிட்டார். அது 1969இல் பல்கலைக்கழக நூலகத்தின் வெளியீடாக வந்தது. இந்த வட்டாரத்தின் ஆரம்ப காலத் தமிழ் அச்சில் முஸ்லிம்களின் கை பெரிது. 1887இல் சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' இதழை நடத்திய மகுதூம் சாயபு நம்மவர்தான். முன்னோர் செய்ததைத் தேடிப் பதிவு செய்யும் இத்தகைய பணிகள் இல்லையென்றால் நம் சமுதாயத்தின் பங்கு நமக்கே தெரியாமல் போயிருக்கும்.

கோலாலம்பூரில் கூடிய உலகம்

1964 ஜனவரியில் புதுடில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் உலக மாநாடு நடந்தது. அத்தகைய பெரிய மாநாடுகளில் தமிழ் ஒரு மூலையில் ஒதுங்கிவிடுவதை அடிகளார் பலமுறை கண்டிருந்தார். அங்கே வ.அய். சுப்பிரமணியம் போன்ற அறிஞர்களோடு சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினார். பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா தலைவர். அடிகளாரும் செக் நாட்டுக் கமில் சுவலபிலும் செயலாளர்கள்.

மன்றத்தின் முதல் மாநாட்டைச் சென்னையில் வைத்திருக்கலாம், யாழ்ப்பாணத்தில் வைத்திருக்கலாம். அடிகளார் அதைக் கோலாலம்பூருக்குக் கொண்டுவந்தார். 1966 ஏப்ரல் 16 முதல் 23 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தில் மாநாடு நடந்தது. நாடு சுதந்திரம் பெற்று ஒன்பது ஆண்டுகள்கூட நிறையவில்லை. சிங்கப்பூர் பிரிந்து ஓராண்டு ஆகவில்லை. இந்தோனேசியாவுடனான மோதலும் முழுதாக ஓயவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் ஒரு தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைத் திறந்து வைத்தார். அலோர் ஸ்டாரில் பிறந்த நம் கெடாக்காரர் அவர். இருபதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து அறிஞர்கள் வந்தார்கள். சென்னை மாநில முதலமைச்சர் பக்தவத்சலமும் வந்தார். தமிழ் இலக்கியத்தையும் மொழியியலையும் வரலாற்றையும் வெள்ளையரும் தமிழரும் ஒரே மேடையில் விவாதித்தார்கள். பால் மரம் சீவியவரின் பிள்ளைகள் படிக்கும் மொழி உலக ஆய்வு மொழி என்பதை நாடு கண்டது.

நம் பகுதிக்கும் அவருடைய ஆய்வுக்கும் தொடர்பு உண்டு. தென்கிழக்கு ஆசியாவில் தமிழ்ப் பண்பாட்டின் சுவடுகளை அவர் தொடர்ந்து ஆராய்ந்தார். தாய்லாந்து அரண்மனைச் சடங்கில் திருவெம்பாவை ஒலிப்பதைப் பற்றியும் எழுதினார். பட்டினப்பாலையில் வரும் காழகம் என்பது கடாரம் என்று பழைய உரை சொல்கிறது. அந்தக் கடாரம் நம் கெடாதான் என்பது அறிஞர் கருத்து. சுங்கைப் பட்டாணியிலிருந்து மெர்போக் வரை வண்டியோட்டிப் போனால் பூஜாங் பள்ளத்தாக்கின் பழைய கட்டடங்களைப் பார்க்கலாம். அங்குள்ள புக்கிட் பத்து பகாட் சண்டியை, அடிகளார் வருவதற்குச் சற்று முன்புதான், அதே மலாயாப் பல்கலைக்கழகத்தின் அலஸ்டேர் லாம்ப் தோண்டி எடுத்துத் திரும்ப நிறுத்தினார்.

இறுதி ஆண்டுகள்

1969இல் அடிகளார் இங்கிருந்து விடைபெற்றார். பின்னர் பாரிஸ் முதலிய நகரங்களில் கற்பித்தார். மாநாடு 1968இல் சென்னையிலும், 1970இல் பாரிஸிலும், 1974இல் யாழ்ப்பாணத்திலும் நடந்தது. யாழ்ப்பாணத்தில் இறுதி நாள் கூட்டத்தில் காவல்துறை புகுந்ததால் பலர் உயிரிழந்தது அவருக்குப் பெரும் வேதனை. 1980 செப்டம்பர் 1 அன்று யாழ்ப்பாண மண்ணிலேயே காலமானார்.

நமக்கு என்ன?

சமணரும் பௌத்தரும் சைவரும் வைணவரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து வளர்த்தது தமிழ் என்பது அடிகளாரின் உறுதியான கருத்து. நம் வீட்டு அலமாரிகளில் அரபுத்தமிழ்க் கிதாபுகளும், சீறாப்புராணமும், குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்களும் இன்னும் இருக்கின்றன. அடுத்த தலைமுறைக்கு எழுத்துத் தெரியாவிட்டால் வீடு மாறும்போது அவை பழைய பேப்பர்காரரிடம்தான் போகும்.

மலாய் வேண்டும், ஆங்கிலம் வேண்டும், மார்க்கக் கல்விக்கு அரபு வேண்டும். இவற்றோடு தமிழுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதா? எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எடுக்கும் பிள்ளைக்குச் சங்கம் ஒரு ஆசிரியரை ஏற்பாடு செய்ய முடியாதா? பெரியவர்களுக்கும் இது பொருந்தும். முப்பது வயதாகிவிட்டது, இனி எங்கே எழுத்துக் கூட்டிப் படிப்பது என்று வெட்கப்படுபவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவர்கள் வடக்கன்குளத்தில் பண்டிதர் முன் அமர்ந்திருந்த அந்த 27 வயது ரோமாபுரி டாக்டரை நினைத்துக்கொள்ளட்டும்.

பொன்விழா கண்ட நம் சங்கம் நூற்றாண்டு விழா எடுக்கும்போது, அந்த மலரையும் தமிழில் எழுதவும் படிக்கவும் நம் பிள்ளைகள் இருக்க வேண்டும். அதற்கான வேலையை இந்த ஆண்டே தொடங்குவோம். அல்லாஹ் துணை செய்வானாக.