பண்டகசாலையும் குடிசையும்

ஊவா மாகாணத்திலே பதுளை, பசறை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளை முதலிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிற் கல்வி புகட்டிவரும் சைவ உபாத்தியாயர்கள், எளிய வாழ்வு என்னும் விடயத்தைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கப் புகுங்கால் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்வர். வேண்டாப் பொருள்களைச் சேர்த்து வைத்தல் ஆகாது என்று, சேர்த்து வைப்பதற்கு இடமே இல்லாத பிள்ளையிடம் எங்ஙனம் சொல்லுவது? இவ்வினாவிற்கு விடை காணும் பொருட்டு, ஈழநாட்டிலே யாவரும் அறிந்த யோகர் சுவாமிகளின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாக எழுதத் துணிந்தோம்.

சுவாமிகள் 1872ஆம் ஆண்டு மே மாதம் 29ஆந் திகதி, யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்திலே கந்தசுவாமி கோயிலுக்கு அணித்தாகப் பிறந்தார்கள். தந்தையார் அம்பலவாணர், தாயார் சின்னாச்சி அம்மையார். பிள்ளைக்கு இட்ட பெயர் சதாசிவன். தாயாரை இளமையிலேயே இழந்தமையால் உறவினர் ஆதரவில் வளர்ந்து, சம்பத்திரிசியார் கல்லூரியிலே கற்றார்கள். தந்தையார் மலைநாட்டு மஸ்கெலியாவிலே வியாபாரஞ் செய்துவந்தார். படிப்பு முடிந்தபின் மைந்தரும் சிறிது காலம் அங்கே சென்று தந்தையாருக்கு உதவியாயிருந்தனர். தேயிலைத் தோட்டங்களை அடுத்த கடைத்தெருவின் கொள்ளலும் கொடுத்தலும் அவர்கள் மனத்திற்கு இசையவில்லை.

பின்னர்க் கிளிநொச்சியிலே நீர்ப்பாசனப் பகுதியினரின் பண்டகசாலைப் பொறுப்பாளர் உத்தியோகத்தை ஏற்றார்கள். இதனை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். பிற்காலத்தில் ஒன்றும் வேண்டாதிருந்த பெரியார், முற்காலத்திலே பொருள்களை எண்ணிப் பேணுதலையே தொழிலாகக் கொண்டிருந்தனர். பண்டகசாலைக்கு வரும் பொருள் இன்னது, வெளியே செல்லும் பொருள் இன்னது எனக் கணக்கெழுதுவோன், அப்பொருளுள் ஒன்றேனும் தன்னுடையது அன்று என்பதை நாடோறும் அறிவான். மண்வெட்டி குளக்கட்டுக்குச் சென்றாற் பயன்படும். அறையிற் கிடந்தால் துருவேறும். தன் வீட்டுப் பொருளையும் இவ்வாறே எண்ணக் கற்றவனுக்குத் துறவு நெடுந்தூரத்தில் இல்லை என்பது நமது துணிபு.

1905ஆம் ஆண்டிலே நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் றேரடியிற் செல்லப்பா சுவாமிகளைக் கண்டமை அவர்கள் வாழ்வைத் திருப்பியது. செல்லப்பா சுவாமிகளை ஊரவர் பித்தர் என்றே இகழ்ந்தனர். அவர்கள் தாமே சோறு சமைத்து, உண்ணும் நேரம் வந்ததும் பானையை உடைத்துவிட்டு எழுந்து போவதுமுண்டு என்று அடியார் கூறுவர். உணவின்மேற் செல்லும் ஆசையை உணவு முன்னிருக்கும்போதே அறுத்தற்கு அவர்கள் கொண்ட வழி அதுபோலும். இத்தகைய குருநாதரை அடுத்த யோகர், சில ஆண்டுகளுள் உத்தியோகத்தைத் துறந்தார்கள். நிலையான சம்பளமும் ஊரார் மதிப்பும் அதனோடு போயின.

குருநாதர் உயிரோடிருந்த காலத்திலேயே, சுவாமிகள் கீழ்க்கரை வழியாகக் கதிர்காமத்துக்குக் கால்நடையாக யாத்திரை சென்றார்கள். கதிர்காமம் ஊவா மாகாணத்தின் தென்கோடியிலே மொனராகலை மாவட்டத்தில் உள்ளது. நமது தோட்டங்களிலிருந்து வெல்லவாய, புத்தல வழியாக ஆடித் திருவிழாவிற்குச் செல்லும் அடியார்க்கு அவ்வழியின் வெயிலும் காடும் தெரியும். நெடுவழி நடப்பவன் முதனாள் வேண்டுமென்று கட்டிய மூட்டையை மூன்றாநாள் அவிழ்த்துப் பாதியைப் பிறருக்குக் கொடுப்பான். எது வேண்டும், எது வேண்டாம் என்பதைத் தோளே சொல்லிவிடும். முடிவிலே அடையும் சந்நிதியிலும் கண்ணுக்குத் தெரிவது ஒரு திரைச்சீலையே. அத்திரைக்குப் பின்னே உள்ள பேழையைக் காணாமலே கும்பிட்டு மீளுகின்றோம்.

பின்னர்ச் செல்லப்பா சுவாமிகள் சமாதியடைந்தார்கள். யோகர் சுவாமிகள் கொழும்புத்துறையிலே முதலில் ஓர் இலுப்பை மரத்தடியிலும், பின்னர் அன்பர் கொடுத்த சிறு குடிசையிலும் வாழ்ந்தார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அக்குடிசையே அவர்கள் இருப்பிடம். நியாயவாதிகளும் வைத்தியர்களும் உபாத்தியாயர்களும் கமக்காரரும் அங்கே தேடி வந்தனர். பழமும் பலகாரமும் நாடோறும் வந்து குவிந்தன. வந்தவை வந்தவர்க்கே பங்கிடப்பட்டன. கிளிநொச்சியிற் பொருளைக் காத்துக் கணக்கெழுதிய கை, கொழும்புத்துறையிற் கொடுப்பதையே கணக்காகக் கொண்டது.

இங்கே நாம் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்ளல் வேண்டும். சுவாமிகள் எளிமையை வேடமாகக் கொள்ளவில்லை. காவி தரியாது வெள்ளை வேட்டியே உடுத்தார்கள். அன்பர்களின் மோட்டார் வண்டியில் ஏறிச் செல்லவும் மறுத்தாரல்லர். 1961ஆம் ஆண்டில் இடுப்பெலும்பு முறிந்தபின் சக்கர நாற்காலியையும் ஏற்றுக்கொண்டார்கள். 1935ஆம் ஆண்டிலே சிவதொண்டன் என்னும் பத்திரிகை அவர்கள் ஆதரவில் வெளிவரத் தொடங்கியது. 1953ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்திற் சிவதொண்டன் நிலையம் அமைந்தது. ஊருக்குப் பயன்படும் கட்டிடம் எழுந்தபோதும், அதனைத் தமக்கு வீடாக்கிக் கொள்ளாது குடிசையிலேயே இருந்தார்கள். தேவையான பொருளை ஏற்றலும், தேவை தீர்ந்தபொழுது அதனைப் பற்றாதிருத்தலும் எளிமையாகும். பொருளை வெறுத்தல் வேறு. அதனை எளிமை என்று மயங்குதல் கூடாது.

1964ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, தமது தொண்ணூற்றிரண்டாம் வயதிற் சுவாமிகள் சமாதியடைந்தார்கள். அவர்கள் விட்டுச் சென்ற உடைமை என்று கணக்கெழுத எதுவுமில்லை.

அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி, இலங்கை இந்தியப் பிரதமர்கள் ஓர் உடன்படிக்கை செய்தனர். அதன்படி மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. பின்வந்த ஆண்டுகளிலே நம் பதுளைத் தோட்டங்களிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் புகையிரதமேறித் தலைமன்னாருக்குச் சென்றன. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயத்தையும், வளர்த்த மாட்டையும், நட்ட மரத்தையும், கும்பிட்ட கோயிலையும் விட்டு, ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கியதை மாத்திரம் எடுத்துப் போயினர். அவர்களும் விட்டனர், சுவாமிகளும் விட்டார்கள். இரண்டும் ஒன்றாகுமா? ஆகா. சுவாமிகள் தாமே திறந்த கையினின்று பொருள் போயிற்று. இவர்கள் கையோ வலிந்து திறக்கப்பட்டது. முன்னையது துறவு, பின்னையது இழப்பு.

இவ்வேறுபாட்டை அறியாது எளிமையைப் போதிப்பது பெருந்தீங்காகும். பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயக் காம்பராவிலே தாய் தந்தையரும் மக்களும் பாட்டியும் ஒருங்கே படுத்துறங்கும் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து, உள்ளது போதுமென்றிருப்பாயாக என்று உபதேசிப்பவர், சமயத்தின் பெயரால் அநியாயத்துக்குச் சாட்சி சொல்பவராவர். அப்பிள்ளைக்குப் படிக்க ஒரு மேசையும் விளக்கும் தேவை. அவை வேண்டாப் பொருள்களல்ல.

ஆயின் அவ்வீட்டிலும் இறக்கி வைக்கவேண்டிய சுமை ஒன்று உண்டு, அது கடன். முற்காலத்திலே தொழிலாளியின் கடனைத் துண்டிலே எழுதி, அத்துண்டைக்கொண்டே அவரைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றினர். அம்முறை 1921ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும் சடங்குக்கும் கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் பிறர் மெச்சும்பொருட்டுக் கடன்பட்டு, நகையை அடகு வைத்து, பல ஆண்டு வட்டி கட்டும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. சட்டம் கிழித்த துண்டை நாமே மீண்டும் எழுதிக்கொள்கின்றோம். இதனைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லும் உரிமை உபாத்தியாயருக்கு உண்டு. தாம் முன்னர்ச் செய்து காட்டினால் மாத்திரமே உண்டு.

ஆகவே நம் வீட்டினின்றே தொடங்குவோம். கண்ணாடி அலுமாரியிலே விருந்தினருக்கென்று பூட்டி வைத்த கோப்பைகள் எத்தனை? எந்த விருந்தினர் அவற்றிற் பருகினர்? பழுது தீர்ப்போமென்று பத்தாண்டாகக் கட்டிலின்கீழ்க் கிடக்கும் பொருள்கள் எத்தனை? நம் பிள்ளைகள் படித்து முடித்த புத்தகங்கள் பெட்டியிலே செல்லரிக்க, மேற்கணக்குத் தோட்டத்துப் பிள்ளை புத்தகமின்றி வகுப்பில் இருக்கின்றது. பாடசாலை அலுமாரியிலும் இதே கதைதான்: தேசப்படம் அழுக்காகுமென்று சுருட்டி வைத்து, அதனைப் பிள்ளைகள் காணாமலே ஆண்டுகள் கழிகின்றன. பண்டகசாலைப் பொறுப்பாளரின் கணக்கை இங்கே நாம் கைக்கொள்ளலாம். ஒவ்வொரு தவணை முடிவிலும் ஒரு நாள் அலுமாரியைத் திறந்து, அவ்வாண்டு பயன்படாத பொருள் எதுவென நோக்கி, அது யாரிடம் சென்றாற் பயன்படும் என்று எண்ணி, அவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். எறிதல் எளிது, உரியவரிடம் சேர்த்தலே அறம்.

இவ்வாறு செய்துவரின் வீட்டிலே இடம் உண்டாகும். மாத முடிவிற் கையிற் சிறிது பொருள் எஞ்சும். மாலைப் பொழுதிலே பிள்ளைகளோடு அமர்ந்து பேச நேரமும் கிடைக்கும். பிள்ளைகளும் நாம் சொல்லியதை மறந்தாலும் செய்ததை மறவார். பண்டகசாலையைக் காத்தவர் குடிசையில் நிறைவு கண்ட சரித்திரத்தை அவர்களுக்குச் சொல்லுவோம். சொல்லுமுன் நம் அலுமாரியை ஒருமுறை திறந்து பார்ப்போம். திருவருள் துணைசெய்க.