கியூவுக்குக் கணக்கு எழுதிய எர்லாங்

சர்வர் ஸ்லோ ஆகிடுச்சு என்று யாராவது சொன்னால் முதல்ல என்ன பண்ணுவீங்க? டாப் கமாண்ட் போடுவீங்க. சிபியு சும்மா இருக்கும். ரேம் நிறைய மிச்சம் இருக்கும். ஆனா 'டபிள்யூஏ' என்று ஒரு எண் இருக்குமே, அது மட்டும் 40, 50 என்று நிற்கும். ப்ராசசருக்கு வேற வேலை இல்லை, டிஸ்க் எப்போ பதில் சொல்லும் என்று காத்துக்கிட்டு இருக்கு என்று அர்த்தம். அடுத்து ஐஓஸ்டாட் போடுவீங்க. டிஸ்க் 90 சதவீதம் பிஸி என்று காட்டும். இங்கதான் குழப்பம். போன வாரம் 80 சதவீதம் இருந்தப்போ எல்லாம் ஒழுங்கா ஓடிச்சு. வெறும் பத்து சதவீதம் ஏறினதுக்கா இவ்வளவு கூத்து?

இந்தக் கேள்விக்கான விடையின் தொடக்கம் 1909-லேயே அச்சில் வந்துவிட்டது. எழுதியவர் ஹார்ட் டிஸ்க்கைப் பார்த்ததே இல்லை. முதல் ஹார்ட் டிஸ்க் விற்பனைக்கு வந்தது 1956-ல். அவர் இறந்து அப்போது 27 வருஷம் ஆகியிருந்தது. அவர் பார்த்ததெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். பெயர் ஆக்னர் க்ராருப் எர்லாங்.

டென்மார்க்கின் ஜட்லாண்ட் பகுதியில் லோன்போர்க் என்ற சின்ன ஊரில் 1878 ஜனவரி 1 அன்று பிறந்தார். அப்பா ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். சின்ன வயசிலிருந்தே புத்தகப் பைத்தியம். வீட்டில் ஒரே புத்தகத்தை அவரும் அண்ணன் ஃபிரெடரிக்கும் மேஜையின் எதிரெதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாங்களாம். புத்தகம் அண்ணன் பக்கம் நேராக இருக்கும். தம்பி தலைகீழாகவே படித்துப் பழகினார். ராத்திரி வானத்தில் நட்சத்திரம் பார்ப்பது இன்னொரு ஆசை. வானியலைப் பற்றிக் கவிதைகூட எழுதியிருக்கிறார்.

14 வயசில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஆரம்பத் தேர்வு எழுதப் போனார். வயசு பத்தாது என்று தனி அனுமதி வாங்கவேண்டியிருந்தது. எழுதினார், சிறப்பாகவே தேறினார். பிறகு ஊருக்குத் திரும்பி அப்பாவின் பள்ளியிலேயே இரண்டு வருஷம் பாடம் எடுத்தார். 1896-ல் உதவித்தொகையோடு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1901-ல் கணிதத்தை முதன்மைப் பாடமாக வைத்து முதுகலை முடித்தார்.

அதுக்கப்புறம் ஏழு வருஷம் பள்ளிக்கூட வாத்தியார். கேம்பஸ் இன்டர்வியூ கவலையில் இருக்கிறவங்க இந்த ஏழு வருஷத்தைக் கொஞ்சம் கவனிங்க. பெரிய வேலை எதுவும் வரவில்லை, அதற்காகக் கணக்கை அவர் கைவிடவும் இல்லை. 1904-ல் பல்கலைக்கழகம் வைத்த ஒரு பரிசுப் போட்டிக்குக் கட்டுரை எழுதிப் பாராட்டு வாங்கினார். டென்மார்க் கணிதவியலாளர் சங்கக் கூட்டங்களுக்குத் தவறாமல் போனார்.

அந்தக் கூட்டத்தில்தான் யோஹான் யென்சனைச் சந்தித்தார். மெஷின் லேர்னிங் படிக்கிறவங்களுக்கு யென்சன் சமனின்மை தெரிஞ்சிருக்கும். அதே யென்சன்தான். கணிதத்தில் பெயர் வாங்கிய அந்த மனுஷனுக்குப் பிழைப்பு கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் தலைமை இன்ஜினியர் வேலை. அவர் மூலமாக 1908-ல் எர்லாங் அதே கம்பெனியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயசு 30. சீக்கிரமே அங்கே இருந்த ஆய்வகம் அவர் பொறுப்பில் வந்தது.

ஆய்வகம் என்றதும் ஏசி ரூம் என்று நினைச்சுடாதீங்க. ஆரம்பத்தில் உதவிக்கு ஆளே கிடையாது. நிலத்தடிக் கேபிள்களைச் சுற்றிக் கசிந்து திரியும் மின்சாரத்தை அளக்கவேண்டிய வேலையும் அவர் தலையில்தான். கோபன்ஹேகன் தெருக்களில் அவர் நடந்துபோக, பின்னாடியே ஒரு தொழிலாளி ஏணியைத் தூக்கிக்கிட்டு வருவார். மேன்ஹோல் வந்ததும் மூடியைத் திறந்து, ஏணியை இறக்கி, கணித முதுகலைப் பட்டதாரி உள்ளே இறங்கி அளப்பார். அவருடைய சூத்திரங்களைவிட எனக்கு இந்தக் காட்சிதான் ரொம்பப் பிடிக்கும். சர்வர் ஸ்லோ என்றதும் எதையும் அளக்காமலே ரீபூட் பண்ணலாம், எஸ்எஸ்டி வாங்கலாம் என்று கிளம்புகிற நாம எங்கே, ஏணியோடு போன அவர் எங்கே!

இப்போ அந்தக் கம்பெனியின் உண்மையான தலைவலிக்கு வருவோம். ஒரு எக்ஸ்சேஞ்சில் எத்தனை லைன் போடணும்? குறைவாகப் போட்டால் பேச வந்தவங்க காத்திருக்கணும், இல்லை திரும்பிப் போகணும். அதிகமாகப் போட்டால் பணம் வீண். சராசரிக்குத் தகுந்த மாதிரி போட்டால் போதாதா? போதாது. ஆட்கள் சராசரியாக வருவதில்லை. ஹாஸ்டல் மெஸ்ஸையே எடுத்துக்கோங்க. நிமிஷத்துக்கு இத்தனை பேர் என்று அளந்தா வருகிறார்கள்? கொஞ்ச நேரம் ஒருத்தரும் இல்லை, திடீரென்று பத்து பேர். காலியாகக் கிடந்த நேரத்தைக் கவுன்ட்டர் சேமித்து வைத்துப் பிறகு கொடுக்க முடியாது. அதனால்தான் கியூ.

1909-ல் ஒரு டேனிஷ் கணித இதழில் எர்லாங் எழுதிய கட்டுரை இதைத்தான் எடுத்துக்கொண்டது. ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமில்லாமல் வரும் அழைப்புகள் பாய்ஸான் பரவலைப் பின்பற்றும் என்று காட்டினார். பேச்சு நேரம் ஒரே அளவாக இருந்தால் எவ்வளவு காத்திருக்கவேண்டும் என்ற கணக்கும் அதில் உண்டு. 1917-ல் வந்த அடுத்த கட்டுரையில் பேச்சு நேரம் கூடக்குறைய இருந்தால் என்ன ஆகும் என்பதையும், பல லைன்கள் இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தார்.

இதை உங்க டிஸ்க்குக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹார்ட் டிஸ்க், ஒரு ரிக்வெஸ்ட்டை முடிக்க சராசரியாக 5 மில்லிசெகண்ட் எடுக்குது என்று வைங்க. ரிக்வெஸ்ட் வருவதும் ரேண்டம், முடிக்கும் நேரமும் ரேண்டம் என்ற எளிய மாடலில் சூத்திரம் இது: மொத்த நேரம் = 5 வகுத்தல் (1 கழித்தல் பிஸி விகிதம்). டிஸ்க் 50 சதவீதம் பிஸி என்றால் 10 மில்லிசெகண்ட். 80 என்றால் 25. 90 என்றால் 50. 95 என்றால் 100. பாருங்க, 80-லிருந்து 90-க்குப் போனதும் நேரம் இரண்டு மடங்கு. அடுத்த ஐந்து சதவீதத்தில் மறுபடியும் இரண்டு மடங்கு. டிஸ்க்குக்கு எந்த நோவும் இல்லை; அது அதே 5 மில்லிசெகண்டில்தான் வேலை செய்யுது. மீதி முழுக்க வரிசையில் நிற்கும் நேரம். முடிக்கும் நேரம் ஒரே சீராக இருந்தால் காத்திருப்பு பாதியாகும். ஆனாலும் கிராஃப் அதே மாதிரி கடைசியில் செங்குத்தாகத்தான் எழும்பும்.

ஐஓஸ்டாட்டை எக்ஸ் ஆப்ஷனோடு போட்டால் இதெல்லாம் கண்ணாலேயே பார்க்கலாம். அவெயிட் என்ற பத்தியில் காத்திருப்பும் வேலை நேரமும் சேர்ந்து வரும். பக்கத்தில் சராசரி கியூ நீளம் இருக்கும். இரண்டையும் இணைக்கிற விதியை 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்தார்: செகண்டுக்கு எத்தனை ரிக்வெஸ்ட் என்பதை அவெயிட்டால் பெருக்கினால் கியூ நீளம். செகண்டுக்கு 400 ரிக்வெஸ்ட், அவெயிட் 25 மில்லிசெகண்ட் என்றால் கியூ 10. ஒரு விஷயம் மறந்துடாதீங்க, ஐஓஸ்டாட் காட்டுகிற முதல் ரிப்போர்ட், சர்வர் பூட் ஆனதிலிருந்து இன்றுவரைக்கான சராசரி. அதைப் பார்த்து முடிவெடுத்தால் கதை கந்தல்தான். டெலிபோன் இன்ஜினியர்கள் நாள் முழுக்கச் சராசரி எடுக்க மாட்டார்கள். கூட்டம் அதிகமான ஒரு மணி நேரத்தைத்தான் அளப்பார்கள். நீங்களும் பிரச்சினை நடக்கும்போதே ஒரு செகண்ட் இடைவெளியில் ஓடவிடுங்க.

அந்த 1917 கட்டுரைதான் எர்லாங்குக்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது. அதில் முக்கியமாக இரண்டு சூத்திரம். லைன் இல்லாவிட்டால் அழைப்பு தொலைந்துபோகும் என்றால் ஒன்று. வரிசையில் நிற்கும் என்றால் இன்னொன்று. இன்றைக்கும் எர்லாங் பி, எர்லாங் சி என்றுதான் பாடப்புத்தகத்தில் வரும். பிரிட்டிஷ் தபால் துறை அவருடைய சூத்திரத்தைத் தன் கணக்குகளுக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் ஒருவர் இவரை மூலத்தில் படிப்பதற்காகவே டேனிஷ் கற்றுக்கொண்டாராம். நிரூபணத்தைச் சில சமயம் முழுக்கத் தராமல் ரத்தினச் சுருக்கமாக எழுதுவது எர்லாங்கின் பழக்கம். பாவம், அவர் மொழியோடு சேர்த்து அதையும் சமாளித்திருக்கணும்.

எர்லாங் சி-யில் எண்களைப் போட்டால் ஒரு ஆச்சரியம் கிடைக்கும். ஒரே ஒரு சேனல், 80 சதவீதம் பிஸி, வேலை நேரம் 5 மில்லிசெகண்ட்: சராசரிக் காத்திருப்பு 20 மில்லிசெகண்ட். அதே 5 மில்லிசெகண்ட், அதே 80 சதவீதம், ஆனா பொதுவான ஒரே கியூவும் பத்து சேனலும்: காத்திருப்பு ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட்! சதவீதம் மாறவே இல்லை, பாருங்க. எஸ்எஸ்டி விஷயத்தில் நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். ஹார்ட் டிஸ்க்கில் ஊசி ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் இருக்க முடியும். என்விஎம்இ டிரைவ் உள்ளுக்குள் பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்யும். ஐஓஸ்டாட்டின் கடைசிப் பத்தியில் வரும் யுட்டில் சதவீதமோ, குறைந்தது ஒரு ரிக்வெஸ்ட்டாவது உள்ளே இருந்த நேரம் எவ்வளவு என்பதைத்தான் சொல்லும். பத்து கவுன்ட்டரில் ஒன்றில் மட்டும் எந்நேரமும் ஆள் இருந்தாலும் அது 100 என்றே காட்டும். எஸ்எஸ்டிக்கும் ரெய்டுக்கும் இந்த எண்ணை நம்பாதே என்று அதன் மேனுவல் பக்கமே எச்சரிக்குது. யாரு படிக்கிறா? அங்கே அவெயிட் ஏறுதா என்று பாருங்க. எஃப்ஐஓ டூலில் ஐஓடெப்த்தை 1, 4, 16, 64 என்று ஏற்றிக்கொண்டே போங்க. ஒரு கட்டத்துக்கு மேல் வேகம் கூடாது, அவெயிட் மட்டும் கூடும். அந்த டிரைவின் எல்லை அதுதான். அப்புறம், டேட்டா இருக்கிற டிரைவ் மேலேயே நேரடியாக ரைட் டெஸ்ட் ஓட்டிடாதீங்க, எல்லாம் அழிஞ்சிடும்.

எர்லாங்கின் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. வருகிறவர்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துப் பேசி வைத்துக்கொண்டு வரக்கூடாது. நம்ம சர்வரில் என்ன நடக்குது? பேக்கப், லாக் ரொட்டேட், டேட்டாபேஸ் டம்ப் எல்லாத்தையும் கிரானில் நள்ளிரவு 12 மணிக்கே போட்டு வைப்போம். பகல் முழுக்க டிஸ்க் தூங்கும். 12 மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டுவாங்க. பாய்ஸான் கணக்கு அங்கே செல்லாது, நிலைமை அதைவிட மோசமாக இருக்கும். சிஸ்டம்டி டைமரில் நேரத்தைக் கொஞ்சம் சிதறவிடும் அமைப்பு இதற்காகவே இருக்கு. புது டிஸ்க் வாங்கும் முன்னாடி அதைப் பயன்படுத்திப் பாருங்க, செலவே இல்லை.

சூத்திரத்தைத் தாண்டி மனுஷனைப் பற்றிக் கொஞ்சம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அமைதியான ஆள், கூட்டத்தில் பேசுவதைவிடக் கவனிப்பதுதான் அதிகம். கணிதமும் வானியலும் இயற்பியலுமாக வீட்டில் ஒரு நல்ல நூலகம் வைத்திருந்தார். கஷ்டப்படுகிறவர்கள் அவரைத் தேடி ஆய்வகத்துக்கே வருவாங்க. வெளியே தெரியாத மாதிரி உதவி செய்து அனுப்புவார். கம்பெனியில் இருந்த ஏறக்குறைய இருபது வருஷத்தில் உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் லீவ் போட்டதில்லை. 1929 ஜனவரியில் வயிற்று அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்ததுதான் முதல் தடவை. அங்கிருந்து திரும்பவில்லை. பிப்ரவரி 3 அன்று, 51 வயசில் இறந்துபோனார்.

1980-களில் ஸ்வீடனின் எரிக்சன் கம்பெனி டெலிபோன் ஸ்விட்சுகளுக்காக ஒரு ப்ரோக்ராமிங் மொழி உருவாக்கியபோது அதற்கு எர்லாங் என்று பெயர் வைத்தது. வாட்ஸ்அப் சர்வர்கள் அந்த மொழியில் எழுதப்பட்டவைதான். அதற்கு முன்பே, 1946-ல், டெலிபோன் போக்குவரத்தை அளக்கும் சர்வதேச அலகுக்கு அவர் பெயரையே சூட்டிவிட்டார்கள். ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுக்க இடைவிடாமல் பிஸியாக இருந்தால் ஒரு எர்லாங். அரை மணி நேரம் என்றால் 0.5. ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்கிற பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஐஓஸ்டாட் 70 சதவீதம் என்று காட்டினால், அந்த டிஸ்க் சுமப்பது 0.7 எர்லாங்.