நாலு சமஸ்தானம், ஒரே தண்டவாளம்: எம்.டி. படித்த கோண்டல் ராஜா பகவத்சிங்ஜி யார்?

சேலம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நின்றால் சேர்வராயன் மலை தெரியும். வாரம் ஒருமுறை அதே பிளாட்பாரம் வழியாக தூத்துக்குடியிலிருந்து கிளம்பி குஜராத்தின் ஓக்கா வரை ஒரு ரயில் போகிறது. போகிற வழியில் ராஜ்கோட் வரும். சேலத்திலும் மதுரையிலும் தலைமுறைகளாக வாழும் சௌராஷ்டிர மக்கள் தங்கள் பூர்வீகம் என்று சொல்லும் மண் அது. அந்த மண்ணில் 140 வருஷங்களுக்கு முன்பு ராஜாக்கள் கூட்டுச் சேர்ந்து சொந்தமாக ரயில் விட்டார்கள். அதில் ஒருவர் டாக்டர்!

முதலில் நம்ம ஊர்க் கணக்கைப் பார்த்துவிடலாம். ஏற்காட்டில் காப்பித் தோட்டங்கள் பரவிய காலத்தில், 1860களின் தொடக்கத்தில் சேலத்துக்கு ரயில் வந்தது. போட்டது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. பங்குதாரர்கள் இருந்தது இங்கிலாந்தில். லாபம் வந்தாலும் வராவிட்டாலும் அவர்கள் போட்ட பணத்துக்கு 5 சதவீதம் உறுதி என்று ஒப்பந்தம். குறைகிற தொகையை இந்திய கஜானாதான் கட்டியது. அதாவது, ரயில் இங்கே ஓடும், வட்டி அங்கே போகும். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் கத்தியவாரில் நடந்தது எவ்வளவு வித்தியாசமானது என்று புரியும்.

கத்தியவார் என்பது இன்றைய சௌராஷ்டிரத்தின் பழைய பெயர். ஒரே தீபகற்பத்துக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள். சிலது நம்ம தாலுகா அளவு, சிலது நாலு கிராமம்தான். ஒரு ராஜா தன் எல்லைக்குள் மட்டும் ரயில் விட்டால் ஏறி உட்காருவதற்குள் இறங்க வேண்டியதுதான். பருத்தி துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்றால் அடுத்தவர் நிலத்தைத் தாண்டியே ஆக வேண்டும். தனியாகப் போட்டால் பிரயோஜனமில்லை. கம்பெனியை விட்டால் லாபம் கைமாறிவிடும். மூன்றாவது வழியாக வந்ததுதான் கூட்டு.

பெரிய முதலாளி பாவ்நகர். அங்கே தக்த்சிங்ஜி ராஜா. கையில் துறைமுகம், கஜானாவில் பணம். கூட்டாளி கோண்டல். 1880-ல் பாவ்நகரிலிருந்து வத்வான் வரை மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டது. வத்வானில் அது பம்பாய் பக்கம் போகும் பி.பி.சி.ஐ. கம்பெனி ரயிலோடு சேர்ந்தது. தோலா என்ற இடத்தில் பிரிந்த கிளை மேற்கே கோண்டலின் தோராஜி வரை போனது.

அந்த நேரத்தில் கோண்டலின் ராஜாவுக்கு வயது 15. பிறந்தது 1865 அக்டோபர் 24. அப்பா இறந்தபோது வயது நாலு. ராஜ்ஜியத்தைப் பிரிட்டிஷ் மேற்பார்வையில் வேறு ஆட்கள் நடத்த, பையன் ராஜ்கோட்டின் ராஜ்குமார் கல்லூரியில் மற்ற ராஜா வீட்டுப் பிள்ளைகளோடு படித்துக்கொண்டிருந்தார். சுருக்கமாகச் சொன்னால், மீசை முளைக்கும் முன்பே ஒரு ரயில்வேயின் பங்குதாரர். கையெழுத்துப் போட்டது வேறு யாரோ.

1883-ல் ஐரோப்பா பயணம். பார்த்ததை எல்லாம் குறித்துவைத்து ஒரு பயண நூலும் எழுதினார். 1884 ஆகஸ்டில் ஆட்சி அவர் கைக்கு வந்தது. வழக்கமாக இந்த இடத்தில் ராஜாக்களின் கதை வேட்டை, போலோ என்று திரும்பும். இவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மருத்துவம் படித்தார். 1892-ல் மருத்துவப் பட்டம், 1895-ல் எம்.டி. ஆராய்ச்சித் தலைப்பு நம் நாட்டு மருத்துவத்தின் வரலாறு. அடுத்த ஆண்டே அது லண்டனில் புத்தகமாக வந்தது. மனைவி நந்த்குவர்பாவும் திரைக்குப் பின்னால் இருக்கும் ராணி இல்லை. கணவரோடு கடல் தாண்டிப் போனவர், குஜராத்தியில் தன் உலகப் பயணத்தை எழுதியவர்.

இவர் ஆட்சிக்கு வந்த பிறகு கூட்டு வளர்ந்தது. 1880களின் கடைசியில் ஜூனாகத் நவாபும் போர்பந்தர் ராணாவும் தங்கள் பாதைகளோடு வந்து சேர்ந்தார்கள். நாலு பேர் பெயரையும் போட்டு பாவ்நகர் - கோண்டல் - ஜூனாகத் - போர்பந்தர் ரயில்வே என்று நீளமாக ஒரு பெயர். யார் பெயரை விடுவது? ஒருவரையும் விட முடியாது, அதுதான் பிரச்சினை. மூன்று ராஜபுத்திர வம்சங்கள், ஒரு முஸ்லிம் நவாப், ஆளுக்கொரு எல்லை, ஆளுக்கொரு கஜானா. ஆனால் ரயிலுக்கு நிர்வாகம் மட்டும் ஒன்று. பாதை எவருடையது என்பது வேறு, வண்டியை யார் ஓட்டுவது என்பது வேறு என்று பிரித்துவிட்டார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் கன்சார்ட்டியம்.

1893-ல் ஜேதல்சரிலிருந்து ராஜ்கோட்டுக்கு இன்னொரு பாதை. இதுவும் கோண்டல் உட்படப் பல சமஸ்தானங்களின் கூட்டுச் சொத்து. கோண்டல் ஊர் இந்தப் பாதையில்தான் இருக்கிறது.

நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு வீடு வாங்கினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இங்கேயும் அதேதான். சரக்கு யாருடைய துறைமுகத்துக்குப் போகிறது என்பதில் ஒவ்வொரு ராஜாவுக்கும் அக்கறை உண்டு. பாவ்நகர் ஒரு கடற்கரை, ஜூனாகத்தின் வெராவல் இன்னொன்று, போர்பந்தர் மூன்றாவது. கோண்டலுக்குக் கடலே கிடையாது. துறைமுகம் வைத்திருப்பவர்களுக்கு நடுவில், தன் பருத்தியை யார் வழியாகவாவது அனுப்பியே ஆக வேண்டிய நிலை. 1911-ல் கூட்டு நிர்வாகம் கலைந்தது. பாவ்நகரும் ஜூனாகத்தும் தனித்தனியாகப் போக, கோண்டல் தன் பாதையோடு போர்பந்தர் பாதையையும் சேர்த்து ஓட்டியது. முப்பது வருஷம் தாங்கியதே பெரிய விஷயம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ரயில் சமஸ்தானத்துக்குச் சொந்தமாக இருந்ததால் என்ன லாபம்? கோண்டலின் வரவு செலவைப் பார்த்தால் தெரியும். பகவத்சிங்ஜி சுங்கம், ஆக்ட்ராய், ஏற்றுமதி வரி என்று வியாபாரத்தின் மேல் இருந்த வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். அப்படிச் செய்ய வேண்டுமானால் வேறு வருமானம் வேண்டும். டிக்கெட்டும் சரக்குக் கட்டணமும் லண்டனுக்குப் போகாமல் அங்கேயே தங்கியது அதற்குக் கைகொடுத்தது. பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு, கட்டாய இலவசக் கல்வி கொண்டுவந்தார். பெண்களை வீட்டுக்குள் வைப்பதே மரியாதை என்றிருந்த காலம் அது.

ஆனால் இவர் எடுத்த வரி எல்லாம் தன் எல்லைக்குள்தான். கத்தியவாரை விட்டு பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையும் வீரம்காமில் பிரிட்டிஷாரின் சுங்கச் சோதனை இருந்தது. ரயிலில் வருகிற ஏழை ஜனங்களை இறக்கி மூட்டையைப் பிரித்துப் பார்த்துப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. 1915-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தி, மூன்றாம் வகுப்பில் ராஜ்கோட் பக்கம் போனபோது வத்வான் ஸ்டேஷனில் மோதிலால் என்ற தையல்காரர் வந்து சொன்ன முதல் புகாரே இதுதான். காந்தி அதைப் பிடித்துக்கொண்டார், வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு வரை கொண்டுபோனார். 1917-ல் அந்தச் சோதனை நீங்கியது. சொந்த ரயில் இருந்த ராஜாக்களால் முடியாததை ஒரு தையல்காரரின் புகார் தொடங்கிவைத்தது.

அதே 1915 ஜனவரியில் காந்தி கோண்டலுக்கும் வந்தார். மகாத்மா என்ற பட்டம் முதலில் அங்கேதான் தரப்பட்டது என்று கோண்டல்காரர்கள் சொல்வார்கள். பக்கத்து ஜேத்பூர்காரர்கள் எங்கள் ஊரில்தான் என்பார்கள். தாகூர்தான் என்பது பள்ளிப் புத்தகம். தாகூரை விட்டுவிட்டால், சண்டை போடும் இரண்டு ஊரும் அந்த ஜேதல்சர் - ராஜ்கோட் பாதையில்தான் இருக்கின்றன!

பகவத்சிங்ஜியைக் குறையே இல்லாதவராகக் காட்ட வேண்டியதில்லை. கிட்டத்தட்ட 60 வருஷம் ஆண்டார். படித்தவர், சிக்கனக்காரர், ஆனால் கடைசி வரை எல்லா முடிவும் ராஜாவின் மேஜையில்தான். கல்வியும் வரிவிலக்கும் அவர் கொடுத்தது, ஜனங்கள் கேட்டு வாங்கியது அல்ல. 1934-ல் ஆட்சியின் பொன்விழாவில் அவரைத் தராசில் உட்கார வைத்துத் தங்கத்தால் எடை போட்டார்கள். அந்தத் தங்கத்தின் மதிப்பு தர்ம காரியங்களுக்குப் போனது.

குஜராத்திகள் இன்று அவரை அதிகம் நினைப்பது ரயிலுக்காகவும் இல்லை, மருத்துவத்துக்காகவும் இல்லை. ஓர் அகராதிக்காக. வருஷக்கணக்காகச் சொற்களைச் சேகரித்து, ஆட்களை அமர்த்தி அவர் உருவாக்கிய பகவத்கோமண்டல் 9 தொகுதி, சுமார் 2 லட்சத்து 81 ஆயிரம் சொற்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனில் இருப்பது 1 லட்சத்துக்குச் சற்று மேல் என்பதோடு ஒப்பிட்டால் அளவு புரியும். 1944-ல் தொடங்கிய வெளியீடு 1955-ல்தான் முடிந்தது. அவர் 1944 மார்ச்சிலேயே போய்விட்டார்.

1948-ல் கத்தியவார் சமஸ்தானங்கள் இந்தியாவோடு சேர்ந்து சௌராஷ்டிரம் என்று ஒன்றானபோது, அவற்றின் ரயில்களும் சௌராஷ்டிர ரயில்வே என்று ஒன்றாகின. ராஜாக்கள் 1911-ல் பிரித்ததை டெல்லி திரும்பச் சேர்த்தது. 1951 நவம்பரில் அது மேற்கு ரயில்வேயில் கரைந்தது. கோண்டல் ராஜா பயணம் செய்த சலூன் பெட்டி இப்போது அங்கே ஆர்ச்சர்டு பேலஸ் ஹோட்டலில் ஓர் அறையாக நிற்கிறது. கூட்டாகப் போட்ட தோலா - ஜேதல்சர் பாதையின் ஒரு பகுதியோ நெடுங்காலம் மீட்டர் கேஜாகவே கிடந்தது. அதில் கடைசியாக மிஞ்சிய லுனிதார் - ஜேதல்சர் துண்டு அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது 2022 அக்டோபர் 31 அன்று.