படம் விரும்பிய பேரரசர்

பிறேசில் நாட்டின் கடைசிப் பேரரசர் இரண்டாம் பெத்துரோ 1825ஆம் ஆண்டிற் பிறந்தார். தந்தை முடி துறந்தமையால் 5 வயதிலேயே அரசுரிமை எய்திய அவர், நிழற்படக் கலை உலகறிய வெளிவந்த மறு ஆண்டாகிய 1840இற் படக்கருவியொன்றைப் பெற்றுத் தாமே படம் பிடிக்கலானார். ஆட்சிப் பொறுப்பை நேரே ஏற்றதும் அவ்வாண்டிலேயாம்.

பின்னாளில் அக்கலை அரசுக்குத் துணையாயிற்று. உலகப் பொருட்காட்சிகளிற் பிறேசில் தன்னை வளமும் நாகரிகமும் மிக்க நாடாகக் காட்டிக்கொண்டது. 1876இற் பிலடெல்பியாக் காட்சியின் தொடக்கவிழாவில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிராந்துடன் பேரரசரும் நின்று மாபெரும் நீராவிப் பொறியை இயக்கிவைத்தார். ஆயின், அந்நாட்டுச் செல்வமாகிய கோப்பியை விளைவித்தோர் அடிமைகளே. 1872ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அவர்தம் தொகை ஏறத்தாழ 15 இலட்சம்.

மன்னர் அடிமைமுறையை வெறுத்தவரே; எனினும், தோட்ட முதலாளிகளே அரசின் தூண்களாயிருந்தமையால் விரைந்து செயற்பட்டாரல்லர். அடிமைத் தாயர்க்கு இனிப் பிறக்கும் பிள்ளைகளை விடுவிக்கும் சட்டம் 1871இல் வந்தது. முழு விடுதலைச் சட்டத்தில் 1888 மே 13இற் கையொப்பமிட்டவர் அவர் மகள் இசபெல். மன்னர் அப்போது ஐரோப்பாவில் நோயுற்றிருந்தார். மறு ஆண்டு பாரிசுப் பொருட்காட்சியில் அடிமையற்ற நாடாகப் பிறேசில் நிமிர்ந்து நின்றது. காட்சி முடிந்த சின்னாட்களில், நவம்பர் 15இல், படைஞர் முடியாட்சியைக் கவிழ்த்தனர்.

1891இற் பாரிசில் மறைந்த மன்னர், 20,000க்கு மேற்பட்ட படங்களை நாட்டுக்கு விட்டுச்சென்றார். அவர் ஆட்சியேற்று 48 ஆண்டுகளின் பின்பே அடிமைத்தளை அறுந்ததென்பதை, அப்படங்களைக் காண்போர் நினைவிற் கொள்ளுதல் தகும்.